அத்தான் சொல்லச் சொன்னார்

பிப்ரவரி 20, வியாழன்

கடையில் இன்று தலைக்கு மேல் வேலை. எதிர்த் தெருப் பள்ளிக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடி வேலை முழுவதும் நமக்கே வந்துவிட்டது. அத்தான் காலையிலிருந்து வெட்டு மேசையை விட்டு நகரவில்லை. இவர் வண்டியோடு வெளியே சுற்றுகிறார். போன், பில், வந்தவர்களுக்குப் பதில் எல்லாம் என் தலையில். தொண்டை கட்டிவிட்டது. "ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று இவர் கிண்டல். கல்யாணமான புதிதில் எனக்கு வைத்த பெயர். இன்னும் விட்டபாடில்லை.

கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா, "மாடியில தைக்கிறவங்க உங்க ஓர்ப்படியா, அக்காவா?" என்று கேட்டார். ரெண்டும்தான் என்றேன். அண்ணன் தம்பியை அக்கா தங்கை கட்டிக்கொண்டது, கீழே கடை மேலே வீடு, எனக்குப் பிள்ளை இல்லை, அக்கா மகள்தான் இரண்டு பேருக்கும் மகள், அவளும் இப்போது கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள் என்று அவர் கண்ணாடியைக் கட்டி வாங்கிக்கொண்டு போகும்வரை முழுக் கதையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

சாயங்காலம் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "இந்த சனி ஞாயிறு நகரத்துக்குப் போலாமா? நீயும் நானும் மட்டும். ஹோட்டல்ல ஒரு ராத்திரி தங்கலாம். என் தையல் காசு இருக்கு." அக்காவா கேட்கிறாள்? பக்கத்துத் தெருவுக்குக்கூட நான் இழுத்தால்தான் வருவாள்.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "சரி. குடை எடுத்துக்கச் சொல்லு" என்றார். மாடிக்கு ஓடினேன். "அத்தானுக்கு ஒரே சந்தோஷம்க்கா. ரெண்டு நாள் நல்லா ஓய்வெடுத்துட்டு வரச் சொன்னார். நனைஞ்சு உடம்புக்கு வந்துடப்போகுது, குடை எடுத்துக்கன்னு நாலு தடவை சொல்லச் சொன்னார்." அக்கா சிரித்தாள். நல்ல மனுஷர் அத்தான். பேச்சுதான் கம்மி.

பிப்ரவரி 21, வெள்ளி

அக்கா பெரிய பெட்டியில் துணி அடுக்குகிறாள். ரெண்டு நாளைக்கு இவ்வளவா என்றால், "ஹோட்டல்ல நல்லா உடுத்திக்க வேண்டாமா?" என்கிறாள். பெட்டியை நான் தூக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

ஹோட்டல் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரிப்பை எவ்வளவு இறுக்கமாகச் செருகியிருக்கிறார்கள் என்றால், காலை உள்ளே நுழைக்க ஒரு மல்யுத்தம் வேண்டியிருக்கிறது. குளியலறையில் தீப்பெட்டி அளவில் சோப்பு. இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வாசல் முழுவதும் கண்ணாடி. கனமான கண்ணாடிதான், ஆனால் ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை. அத்தான் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். ரிசப்ஷனில் இருந்த பெண் அக்காவைப் பார்த்து, "தெருப் பக்கம் ரூம் வேணுமா மேடம், உள்பக்கம் வேணுமா?" என்று கேட்டாள். நான் தெருப் பக்கம் என்று முடிப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்தாள். "இரு. என்கிட்டதானே கேட்டாங்க." பிறகு ஏதோ பரீட்சைக் கேள்வி போல யோசித்து, உள்பக்கம் என்றாள்.

உள்பக்கத்தில் என்ன இருக்கிறது? பின்கேட்டு, குப்பைத் தொட்டிகள், காயப்போட்ட விரிப்புகள், துணி வண்டி தள்ளிக்கொண்டு போகும் பெண்கள். காசு கொடுத்து இதைப் பார்க்கவா வந்தோம் என்று புலம்பினேன். அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. நடுவில் திரைத்துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "மடிப்பைத் தப்பா அடிச்சிருக்காங்க" என்றாள். தொழில் புத்தி எங்கே போனாலும் விடாது.

வெயில் இறங்கியதும் சாப்பாட்டுத் தெருவுக்குப் போனோம். இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள், புகை, சத்தம், தோளோடு தோள் உரசும் கூட்டம். சுட்ட சோளம், எண்ணெய் சொட்டும் உருளைக்கிழங்குச் சுருள், இரும்புத் தட்டில் டக்டக்கென்று கிளறும் நூடுல்ஸ். நான் எதையும் விடவில்லை. வயிறு இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்குப் பிடித்தது முட்டை ரொட்டி. அதைப் போட்ட அம்மாவுக்கு நல்ல கணீர்க் குரல். "காரம் எவ்வளவு போடட்டும்? வெங்காயம் புடிக்குமா? முறுகலா வேணுமா, மெத்துன்னு வேணுமா?" என்று அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். காரம் வேண்டாம், வெங்காயம் நிறைய, ஓரம் மட்டும் முறுகலாக என்று அக்கா பொறுமையாகப் பதில் சொன்னாள். சாப்பிட்டு முடித்துத் தெருக்கோடி வரை போனபின் திரும்பி வந்து இன்னொன்று கேட்டாள். "அவ்வளவு புடிச்சுப்போச்சா? எந்த ஊரு? தைக்கிற வேலையா? அதான் விரல்ல ஊசி தழும்பு" என்று அந்த அம்மா பேச, இவளும் நின்று பேச, நான் ஒருத்தி பழச்சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன். அக்கா கண்ணில் தண்ணீர். காரமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். காரமே வேண்டாம் என்றுதான் வாங்கியிருந்தாள்.

தெருவில் நின்றபடியே இவருக்குப் போன் போட்டேன். பக்கத்தில் அத்தான் குரல்: "சாப்பிட்டாச்சான்னு கேளு." கேட்டேன். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள் அக்கா. சொன்னேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தனியாக. அக்கா வரவில்லை. இந்த வண்டிக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே வரவில்லை.

எழுதாமல் இருந்தால் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போனோம். நான் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாம்பல் நிறச் சீருடை போட்ட ஒரு அம்மா நேராக அக்காவிடம் வந்தார். "ரூம் வசதியா இருந்துச்சா? நாளைக்குக் காலையில பின்கேட்டு வழியா வந்துடுங்க. யூனிஃபார்முக்கு அளவு எடுக்கணும். குவார்ட்டர்ஸ்ல உங்களுக்குக் கட்டில் போட்டாச்சு."

ஆள் மாறிப் பேசுகிறார் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அக்கா, "சரிங்க, வந்துடறேன்" என்றாள்.

வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

"இங்க துணி அறையில தையல் வேலை" என்றாள் அக்கா. "சீருடை, திரை, மேசை விரிப்பு எல்லாம் தைக்கணும், கிழிஞ்சதைச் சரி பண்ணணும். போன மாசம் போன்ல பேசினேன். ஒரு சட்டை தைச்சு அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன், புடிச்சுப்போச்சு."

"அப்ப இந்த ரூமு, இந்த ரெண்டு நாளு?"

"நாளையிலேருந்து பின்வாசல்தான். ஒரு தடவையாவது முன்வாசல் வழியா வரணும்னு ஆசையா இருந்துச்சு. உன்னோட."

அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, "எப்படித் தெரியும்? அவர் என்கிட்ட பேசினாத்தானே" என்றாள்.

"சண்டையா?"

"சண்டை போடறதுக்கும் பேசணுமில்ல. பாப்பா அஞ்சாவது படிக்கும்போது பேச்சை நிறுத்தினார். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது."

நான் சிரித்துவிட்டேன். நிஜமாகவே சிரித்தேன். பாப்பா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, நடுவில் ஒரு சுவர். எனக்குத் தெரியாமல் அப்படி ஒன்று நடக்குமா?

"போக்கா. நேத்துகூட சாப்பிட்டாச்சான்னு கேட்டாரே."

"யார்கிட்ட கேட்டார்?"

"என்கிட்ட. உன்னைக் கேக்கச் சொல்லி."

நான் விடவில்லை. "போன வாரம் உன் மாத்திரை தீரப்போகுதுன்னு அவர்தானே சொன்னார்?"

"யார்கிட்ட?"

"உன் பச்சைப் புடவை நல்லா இருக்குன்னு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அதை அவர் சொல்லவே இல்லை. நானாகச் சேர்த்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, "அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள்.

எதற்காக? ஒரு நிலைக்கண்ணாடிக்காக. அத்தான் அளவு பிசகி வெட்டிவிட்டார். வாங்க வந்தவர்கள் முன்னால் அக்கா, "நான் அப்பவே சரியான அளவு சொன்னேனே" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். "அதுக்கா?" என்றேன். "அதுக்குத்தான். முதல்ல கோவமா இருந்துச்சு. நானும் போய் நின்னேன், கெஞ்சினேன், அழுதேன். அப்புறம் அவருக்கு அதுவே பழகிப்போச்சு. எனக்குப் பழகல."

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கவில்லை. மாத்திரை வாங்கி மேசை மேல் வைப்பார். பண்டிகைக்குத் துணி எடுத்துக் கட்டில் மேல் வைப்பார். வைப்பதோடு சரி.

என்கிட்ட ஏன் சொல்லல என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லணும்னுதான் வருவேன். நீ அதுக்குள்ள 'அத்தான் சொல்லச் சொன்னார்'னு ஆரம்பிச்சுடுவ. கேக்க நல்லா இருக்கும். அவர் 'சாப்பிடச் சொல்லு'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பார். நீ வந்து, 'பாவம்க்கா அத்தான், நீ இளைச்சுட்டேன்னு ஒரே கவலை'ம்ப. நீ சேர்த்ததுன்னு தெரியும். தெரிஞ்சே கேட்டுக்கிட்டேன். இத்தனை வருஷம் நான் உன்கூடத்தான் குடும்பம் நடத்தியிருக்கேன்."

ஐயோ.

நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றேன். "பேசட்டும். யாராவது பேசினா சரி" என்றாள்.

கடைசியில் என் பையோடு நான் கிளம்பி நின்றபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "இதை நீ கொண்டுபோய்ச் சொல்லாத. இனிமே எதையும் சொல்லாத, அவர்கிட்டேருந்தும் எதையும் கொண்டு வராத. நான் வேணும்னா அவர் என்கிட்ட கேக்கட்டும். பெரிசா ஒண்ணும் வேண்டாம். 'வா'ன்னு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அன்னிக்கே வந்துடுவேன்."

வண்டி வந்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று பேருந்தில் வழி முழுக்க ஒன்றையே தேடிக்கொண்டு வந்தேன். அத்தான் அக்காவிடம் நேராகப் பேசி நான் கேட்ட ஒரு நாள். ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், அக்கா பொய் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிடைக்கவில்லை. அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது அத்தான் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். எவ்வளவு பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். இப்போது கண்ணை மூடினால் அந்த அறை தெரிகிறது. அக்கா கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். அத்தான் அவள் கால்மாட்டில் நிற்கிறார். நின்றுகொண்டு என்னிடம் சொல்கிறார்: "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். சொல்லிடு." நான் குனிந்து அவள் தலையைத் தடவி, "அக்கா, நாளைக்கு வீட்டுக்குப் போலாமாம்" என்றேன். கை நீட்டினால் தொடும் தூரம். எனக்கு அது விநோதமாகவே படவில்லை. புருஷன் பெண்டாட்டி நாலு பேர் எதிரில் கொஞ்சிக்கொள்வார்களா என்ன, கூச்சம் என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தான் கடை வாசலில் இருந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். தெருமுனை வரை பார்த்தார். பிறகு, "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "உங்க அக்கா…" என்று ஆரம்பித்தார். எல்லாம் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா அங்கேயே இருக்கா அத்தான். நல்லா இருக்கா. மத்ததை அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கங்க" என்றேன்.

அவர் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது.

அத்தான் போனில் அக்கா நம்பரே இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். 'நன்றி' என்றார். என்னிடம் ஏன் நன்றி.

இவரிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "தெரியும்னும் சொல்லமுடியாது, தெரியாதுன்னும் சொல்லமுடியாது" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "தெரியுமா உங்களுக்கு?"

"அண்ணன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ஒரு தடவை அப்பாகிட்ட வருஷக்கணக்கா பேசல. அம்மா மூலமாத்தான் எல்லாம். அதுவா சரியாப்போகும்னு விட்டுட்டேன். இங்கதான் நீ இருக்கியே, உன் மூலமா எப்படியோ ஓடிக்கிட்டிருந்துச்சு."

ஓடிக்கொண்டிருந்ததாம்! நான் என்ன மோட்டாரா?

இன்று இவரோடு நானும் பேசவில்லை. மத்தியானம் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய், "குழம்புக்கு உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 26, புதன்

பாப்பா விடுதியிலிருந்து கூப்பிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாற, "எல்லாம் தெரியும் சித்தி. ஹோட்டல் வேலையைத் தேடிக் கொடுத்ததே நான்தான்" என்றாள்.

"உங்கப்பா பேசாததும் தெரியுமா?"

"முதல்ல என்கிட்டதான் சொல்லி அனுப்புவார். அம்மாகிட்ட சட்டை எங்கன்னு கேளு, அம்மாகிட்ட கதவைப் பூட்டச் சொல்லுன்னு. ஆறாவது வந்ததும் நான் மாட்டேன்னுட்டேன். நீங்களே சொல்லுங்கப்பான்னு சொல்லிட்டு ஓடிடுவேன். அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்துச்சு."

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றேன். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சித்தி. அம்மாவுக்காக நடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

போனை வைத்தபின் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்துபோனது.

பிப்ரவரி 28, வெள்ளி

"மாத்திரை எடுத்துக்கிட்டுப் போனாளான்னு கேளு." அத்தான். காலையில்.

நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 1, சனி

பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை. மூட்டை தூக்கினதுபோல உடம்பு வலிக்கிறது.

மத்தியானம் கடையில் யாரும் இல்லை. அத்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. அடித்து, எடுக்கப்பட்டு, அக்கா குரல் கேட்டது. "ஹலோ?" அத்தான் வாயைத் திறந்தார். "ஹலோ, யாருங்க?" அத்தானின் கழுத்தில் நரம்பு துடித்தது. நெற்றியெல்லாம் வேர்வை. அப்படியே போனை என் பக்கம் நீட்டினார்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"யாருங்க பேசறது?" என்று மூன்றாவது தடவை கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டாள். யார் என்று தெரிந்துதான் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. அத்தான் வெட்டு மேசைக்குப் போய் ஒரு நல்ல கண்ணாடியை எடுத்து வைத்தார். வெட்டவில்லை. கடை மூடும்வரை அதன் முன்னால் நின்றார். பாவமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கோபமும் இருந்தது. வெறும் ஒரு 'வா' தானே மனுஷா.

மார்ச் 4, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள். துணி அறையில் மூன்று பெண்கள், மூன்று பேரும் ஓயாமல் பேசுகிறார்களாம். "உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க" என்றாள். வேலை முடிந்தால் அந்த முட்டை ரொட்டிக்காரம்மாவிடம் போகிறாளாம். நன்றாக இருக்கிறாள் என்று குரலே சொல்கிறது.

அத்தானைப் பற்றிக் கேட்கவில்லை. வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலை

அத்தான் போயிருக்கிறார்! நான் எழுந்து வருவதற்குள் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முகம் மழித்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். எங்கே என்று இவர் கேட்டதற்கு, "ஹோட்டலுக்கு" என்றாராம். அவ்வளவு தூரம் பேருந்தில் போகிறவர் ஒரு வார்த்தை சொல்லாமலா திரும்புவார்? அக்கா கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். அறையைக் கூட்டினேன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைக்கப்போகிறேன். வாய் நிறையப் பேசப்போகிறேன் இன்றைக்கு.

சாயங்காலம்

அக்காதான் முதலில் கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல்.

"ரிசப்ஷன்லேருந்து கூப்பிட்டாங்க, உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்னு. போனேன். முன்வாசல்ல நின்னுட்டிருந்தார். வெள்ளைச் சட்டை. நான் பக்கத்துல போய் நின்னேன். என்னைப் பார்த்தார். நல்லாவே பார்த்தார். வாயைத் திறந்தார், வந்துடுச்சுன்னு நினைச்சேன். மூடிட்டார். அப்புறம் அந்த ரிசப்ஷன் பொண்ணு பக்கம் திரும்பி, 'அவங்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்க'ன்னார்."

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்டேன்.

"பாவம் அது. என்னையும் பார்த்துச்சு, அவரையும் பார்த்துச்சு. 'இதோ நிக்கிறாங்களே சார், நீங்களே சொல்லுங்க'ன்னுச்சு. அவர் தரையைப் பார்த்துட்டு நின்னார். நான் காத்திருந்தேன். நிறைய நேரம் காத்திருந்தேன். அப்புறம் வேலை கிடக்குன்னு உள்ள வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவ்வளவு தூரம் வந்தாரே, அதை நினைச்சாத்தான்…" என்றாள். முடிக்கவில்லை. உள்ளே யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கும்போது அத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. கை கால் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இவர் இன்னும் வரவில்லை. சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னிடம் கேட்டார்:

"அவ என்ன சொன்னா?"

நேரில் நின்றுவிட்டு வந்த மனிதர். என்னிடம் கேட்கிறார்.

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அக்கா சொன்னது இருந்தது. அதற்கு மேல் என் சொந்தச் சரக்கும் வரிசையாக வந்து நின்றது. அழுதாள் அத்தான், யோசிச்சுச் சொல்றேன்னா, வெயில்ல வந்தீங்களே, உடம்பைப் பார்த்துக்கச் சொன்னா. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும். உதடுகூடப் பிரிந்துவிட்டது எனக்கு.

தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். சோறு போட்டுக்கொண்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சாப்பிட்டேன்.